பொது சார்ஜிங் பாயிண்ட்: யாருக்குப் பொது?

போன மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும். சித்தி மகன் போன் பண்ணினான். "ண்ணா, வண்டி செத்துப்போச்சுண்ணா. அடையாறு பாலத்து மேல நிக்கிறேன். தள்ளிக்கினு வரேன். உன் வூட்ல ராவைக்கு ஒரு பிளக்கு குடுக்கிறியா?"

மந்தைவெளியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு அவன் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றேகால். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதுகில் மாட்டிய பையில் யாரோ ஒருவருடைய ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் மோட்டாருக்கென்று இருக்கும் பிளக்கில் அவனுடைய சார்ஜரைச் சொருகினோம்.

காலையில் வீட்டுக்காரர் கேட்டார். "யாரு சார் அது ராத்திரி வந்தது? எந்த ஏரியா பையன்?"

என் தம்பி என்றேன்.

"அதுக்கில்ல சார். இது காமன் கரண்டு. இன்னிக்கு ஒருத்தன் சொருகினா நாளைக்கு எல்லாரும் கொண்டாந்து சொருகுவான்."

‘காமன்’ என்றால் எல்லாருக்கும் உரியது என்று எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காமன் கரண்டை எல்லாரும் பயன்படுத்திவிடக் கூடாதே என்பது அவருடைய கவலை. கூட்டல் கழித்தல் பார்த்தே வயிறு வளர்க்கிற வங்கிக் குமாஸ்தா நான். கணக்குப் போட்டேன். வண்டி குடித்தது ஏறக்குறைய மூன்று யூனிட். மிஞ்சிப்போனால் முப்பது முப்பத்தைந்து ரூபாய். கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ‘எந்த ஏரியா’ என்ற கேள்வி மட்டும் அந்த ரூபாயில் தீரவில்லை.

இதைக் கவிதையாக எழுதலாம் என்று நாலு நாள் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. கோபம் வசனமாகத்தான் வந்தது.

*

எந்த ஏரியா பையன்? சொல்கிறேன். மயிலாப்பூர்ப் பையன். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் பிறந்தவன். கபாலி கோயில் தேர் எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். ‘ஆக்கிரமிப்பு’ என்று சொல்லிக் கரையைக் காலி செய்தபோது சித்தியையும் அவனையும் லாரியில் ஏற்றி, நகரத்துக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில் இறக்கிவிட்டார்கள். ஆனால் வேலை இங்கேதானே இருக்கிறது? மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் மாடி மாடியாக ஏறிச் சோறு கொடுக்கும் வேலை. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு நூறு நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு இருநூற்றைம்பது ரூபாய் பெட்ரோலுக்கே போய்விடும். கரண்டில் ஓட்டினால் நாற்பதில் முடியும். சித்தியின் கம்மலை அடகுவைத்து, ஒருத்தர் ஓட்டிய பழைய மின்சார ஸ்கூட்டரை வாங்கினான்.

வாங்கின பிறகுதான் தெரிந்தது, வண்டிக்குள்ளிருக்கும் பேட்டரி கழற்ற வராது. வீடு ஆறாவது மாடி, வண்டி தரையில். தரையில் பிளக் இல்லை. ஆறு மாடிக்கு ஒயர் விடவா முடியும்? பக்கத்து மெக்கானிக் கடையில் ராத்திரிக்கு ஐம்பது ரூபாய் கொடுத்துப் போடுகிறான். கடை பூட்டிவிட்டால் அதுவும் இல்லை. மறுநாள் அரை சார்ஜில் கிளம்பி, சாயங்காலம் கூட்டமான நேரத்தில், நாலு காசு வரும் நேரத்தில், பாலத்து மேல் நிற்கிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிளம்பினோம். செல்போனில் வரைபடம் இருக்கிறது. லஸ், ஆழ்வார்பேட்டை, தி.நகர், அடையாறு என்று பார்த்தால் பச்சைப் புள்ளியாகப் பூத்துக் கிடக்கிறது. ‘பப்ளிக் சார்ஜிங் ஸ்டேஷன்’ என்று ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர். சரி, ஒவ்வொரு பப்ளிக்காகப் பார்த்துவிடலாம் என்று போனோம்.

முதல் புள்ளி ஒரு பெரிய ஓட்டலின் நிலவறையில். கேட்டில் வாட்ச்மேன், "டெலிவரின்னா பின்பக்கம் போப்பா" என்றார். டெலிவரி இல்லை, சார்ஜ் போட வேண்டும் என்றதும் நம்மை மேலும் கீழும் பார்த்தார். அவரும் நம் ஆள்தான். செங்கல்பட்டுப் பக்கத்துக் காலனிக்காரர் என்று பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது. "என்னைத் திட்டுவாங்க தம்பி" என்றார். அவரிடம் சண்டை போட நமக்கு என்ன இருக்கிறது?

இரண்டாவது, ஒரு வணிக வளாகத்துக்குள். முதலில் பார்க்கிங் கட்டணம், அப்புறம் கரண்டுக் கட்டணம். இரண்டையும் கூட்டினால் பெட்ரோலே தேவலாம். மூன்றாவது, பெட்ரோல் பங்க். அங்கே கேட் இல்லை, வாட்ச்மேன் இல்லை. ஆனால் குழாய் மாதிரித் தடியாகத் தொங்கும் துப்பாக்கி காருக்கானது. சிசிஎஸ்-2 என்பது அதன் பெயர். ஸ்கூட்டரில் அது நுழையாது. நான்காவது, ஒரு கம்பெனி ஷோரூம் வாசல். அவர்கள் விற்ற வண்டிக்கு மட்டும். ஐந்தாவது புள்ளி வரைபடத்தில் பச்சை, நேரில் செத்த பெட்டி. திரையில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

"ண்ணா, இந்த ஊர்ல நமக்கு வழி தெரியாத சந்து கெடையாது. ஒரு பிளக்கு மட்டும் கெடைக்கல பாரு" என்றான் தம்பி.

*

இயக்கத் தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "மேலவளவு, வெண்மணி, வேங்கைவயல்னு பேசிக்கிட்டிருக்கோம். நீங்க சார்ஜிங் பாயிண்ட்டுன்னு வர்றீங்க. அது மேட்டுக்குடிப் பொம்மை தோழர்."

தோழர் சொல்வதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை. பொம்மை யாருக்கு? அடையாறில் மூன்றாவது வண்டியாக மின்சாரக் கார் வாங்கி, அபார்ட்மெண்ட் நிலவறையில் சொந்த மீட்டரில் சார்ஜ் போடுகிறவருக்குப் பொதுப் பிளக் தேவையே இல்லை. தரையில் சொந்தமாக நிறுத்த இடமும், அந்த இடத்தில் சொந்தமாக மீட்டரும் இல்லாதவனுக்குத்தான் பொதுப் பிளக் வேண்டும். வீட்டில் கிணறு இருந்தவனுக்கு ஊர்க் குளம் எதற்கு? குளம் இல்லாமல் தவித்தது யார்?

மின்சாரத்தைப் பற்றி யோசிப்பது நம் வேலை இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு ஞாபகம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் கையில்தான் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சார வளர்ச்சிக்கான கொள்கைக் குழுவில் பேசியபோது, மின்சாரம் தனியாரிடம் இருப்பதா அரசிடம் இருப்பதா என்ற கேள்வியை அவர் எழுப்பினார். மலிவாக, தாராளமாக மின்சாரம் கிடைத்தால்தான் தொழில் வளரும், தொழில் வளர்ந்தால்தான் இந்த நாட்டு ஏழை வறுமையிலிருந்து மீள்வான் என்பது அவர் வாதம். 1944இல் மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் அவர் காலத்தில் உருவானது. மின்கம்பியை யார் வீட்டுக்கு இழுப்பது என்பது அவருக்கு இஞ்சினியர் விவகாரமாகத் தெரியவில்லை. நமக்கு மட்டும் ஏன் அப்படித் தெரிகிறது?

‘பொது’ என்ற சொல்லின் வரலாறும் நமக்குத் தெரிந்ததுதான். 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம், பொது நிதியில் நடக்கும் குளம், கிணறு, தர்மசாலை எல்லாம் தீண்டப்படாதாருக்கும் உண்டு என்று போலே தீர்மானத்தை நிறைவேற்றியது. மகாட் நகராட்சியும் சவுதார் குளம் எல்லாருக்கும் திறந்தது என்று எழுதிவைத்தது. எழுதிவைத்த குளத்தில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்துபோய் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அதற்கு அடி விழுந்தது. அது பொதுக் குளமா இல்லையா என்ற வழக்கு முடிய 1937 ஆனது. இந்தச் சென்னையிலேயே 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எதிலும் ஒடுக்கப்பட்டவரைத் தடுக்கக் கூடாது என்று. நூறு வருஷம் தாண்டிவிட்டது.

நான் மிகைப்படுத்தவில்லை. ஓட்டல் கேட்டில் யாரும் எங்களிடம் சாதி கேட்கவில்லை. பிளக்குக்குத் தீட்டு கிடையாது. சாதி கேட்காமலே காரியம் நடக்கிறபடி இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்வது. கேட் கேட்டுக்கொள்ளும். பார்க்கிங் ரசீது கேட்டுக்கொள்ளும். காருக்கு மட்டும் பொருந்தும் துப்பாக்கி கேட்டுக்கொள்ளும். ‘எந்த ஏரியா?’ என்று வீட்டுக்காரர் கேட்பார்.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை அல்ல, அது ஒரு சேவை, அதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் விளக்கம் கொடுத்தது. அதாவது யார் வேண்டுமானாலும் கடை போடலாம். கடை போடுகிறவன் எங்கே போடுவான்? கல்லாப்பெட்டி நிறைகிற இடத்தில். அதே ஆண்டு டிசம்பரில் ஒரு வழிகாட்டுநெறி வந்தது. நகரத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு நிலையமாவது இருக்க வேண்டும். 2024இல் அதைத் திருத்தி, 2030க்குள் ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று என்றார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டம் போடுகிறவனுக்கு மதில் தெரிவதில்லை. மயிலாப்பூரில் ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள் நட்சத்திர ஓட்டலும் இருக்கிறது, கால்வாய்க் கரையும் இருக்கிறது. ஓட்டலின் நிலவறையில் ஒரு பெட்டி வைத்தால் கட்டம் நிரம்பிவிட்டது. கால்வாய்க்கரைக்காரனும் ‘பொதுச் சேவை பெற்றவர்’ கணக்கில் ஏறிவிட்டான். புள்ளிவிவரத்தில் நம்மைச் சேர்ப்பார்கள். கேட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. சார்ஜிங் நிலையம் வைக்க அரசு நிலத்தை வருமானப் பங்கீட்டு முறையில், யூனிட்டுக்கு 1 ரூபாய் என்ற கணக்கில் தரலாம் என்று 2022 ஜனவரியில் வந்த திருத்தம் சொல்கிறது. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது. புறம்போக்கு நிலம் என்று சொல்லித்தானய்யா நம்மைக் கிளப்பினீர்கள்? 2022 மே மாதம், இதே மந்தைவெளிக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் பக்கத்தில் கோவிந்தசாமி நகரை இடித்தபோது ஒரு முதியவர் உடம்பில் தீ வைத்துக்கொண்டு செத்தார். அரசு நிலத்தில் மனுஷன் தலைமுறை தலைமுறையாக இருந்தால் ஆக்கிரமிப்பு. அதே அரசு நிலத்தில் சார்ஜர் வந்து நின்றால் அது கொள்கை.

2023இன் தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை 50,000 கோடி முதலீடு, 1.5 லட்சம் வேலை என்கிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வண்டி செய்து தள்ளுகிறோம். 2025 பட்ஜெட்டில் நலவாரியத்தில் பதிந்த 2,000 டெலிவரித் தொழிலாளர்களுக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலைக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். வரவேற்கிறேன், கேலி இல்லை. ஆனால் மாட்டைக் கொடுத்தவர்கள் மேய்ச்சல் எங்கே என்று சொல்ல வேண்டாமா? மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜருக்கு மட்டும் 2,000 கோடி. கார்களுக்கு 22,100, பஸ்களுக்கு 1,800, இரண்டு மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400 என்று கணக்கு. காகிதத்தில் நமக்குத்தான் அதிகம்! எந்தத் தெருவில் நடப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி. அதை இப்போது கேட்காவிட்டால், நட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

செலவு அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் ஏற்ற சின்ன மின்னேற்றப் பெட்டிக்கு இந்தியத் தரநிர்ணய அமைப்பு 2021இலேயே தரம் வகுத்துவிட்டது. விலை 3,500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற இலக்கோடு செய்தார்கள். சுவரில், கம்பத்தில், டீக்கடை ஓரத்தில் மாட்டலாம். செல்போனில் காசு கட்டினால் கரண்டு வரும். காருக்கு வைக்கும் ஒரு வேகச் சார்ஜரின் விலையில் ஒரு காலனி முழுக்க மாட்டிவிடலாம்.

*

மயிலாப்பூர் மாட வீதியில் விடியற்காலையில் சத்தமில்லாமல் ஓடும் மின்சார வண்டி எது தெரியுமா? குப்பை வண்டி. என் சித்தி ஓட்டுகிறாள். ஆறு மணிக்குக் கையெழுத்து. ராத்திரி வண்டிகள் ஷெட்டில் வரிசையாக நின்று சார்ஜ் ஏறுகின்றன. குப்பைக்குப் பிளக் இருக்கிறது! அந்த வண்டியை ஓட்டுகிறவளின் மகனுக்குப் பிளக் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அதே ஷெட்டைத் தாண்டித்தான் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

இந்த வண்டிகளைக் காட்டி ‘பசுமைச் சென்னை’ என்கிறார்கள். தென்சென்னையில் 2000இல் ஓனிக்ஸோடு ஆரம்பித்த தனியார்மயம் வண்டியைப் பேட்டரிக்கு மாற்றிவிட்டது. ஓட்டுகிறவளை நிரந்தரமாக்கவில்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் நம் பெண்கள், ரிப்பன் கட்டட வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. வண்டியை மாற்றத் தெரிந்தவர்களுக்கு, வண்டியில் யார் உட்காருவது என்பதை மட்டும் மாற்றத் தெரியவில்லை.

‘புகையில்லாத வண்டி’ என்கிறார்கள். புகை எங்கே போயிற்று? காற்றாலையிலும் சூரிய ஒளியிலும் தமிழ்நாடு முன்னணியில் இருப்பது உண்மை. ஆனால் ராத்திரியில் சூரியன் இல்லை, காற்றும் எல்லா மாதமும் அடிப்பதில்லை. அப்போது எரிவது நிலக்கரி. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்தில் வல்லூர். 2024 மார்ச்சில் இன்னுமொரு 800 மெகாவாட் அலகைத் திறந்தார்கள். சாம்பல் செப்பாக்கத்தில் குளம் கட்டி நிற்கிறது, கொசஸ்தலை ஆற்றில் கசிகிறது. அடையாறின் காற்று சுத்தமாக எண்ணூரின் நுரையீரல் அழுக்காகிறது. சுத்தம் ஒருவருக்கு, அசுத்தம் இன்னொருவருக்கு என்று பிரித்துக்கொடுக்கிற வேலை இந்த மண்ணில் யாருக்குக் கைவந்த கலை? நான் சொல்ல வேண்டியதில்லை.

அரசால் முடியாத காரியம் அல்ல. 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்தும் ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்தும் மின்சாரப் பஸ்களைக் கொடியசைத்து விட்டார்கள். வியாசர்பாடி எது, பெரும்பாக்கம் எது என்று உங்களுக்குத் தெரியும். மின்மாற்றி, உயர் அழுத்தக் கம்பி, சார்ஜர் எல்லாம் அந்த டெப்போக்களுக்கு வந்துவிட்டன. சேரிப் பக்கம் கம்பி இழுக்க முடியாது என்ற சாக்கு இனி செல்லாது. கம்பி டெப்போ மதில் வரை வந்து நிற்கிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் இழுக்கத்தான் ஆள் இல்லை.

*

அதனால் கேட்போம். கெஞ்சலாக அல்ல, பட்டியலாக.

மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலும் பழைய குடிசைமாற்றுக் குடியிருப்புகளிலும் தரைத்தளத்தில் இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளுக்கு மீட்டர் வைத்த பிளக் வேண்டும். வணிக வளாகத்துக்கு வைப்பதற்கு முன் வேண்டும். புதுக் கட்டடங்களில் நிறுத்துமிடத்தில் 20 சதவீதம் மின்வண்டிக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதி 2019இலேயே சொன்னது. அது அபார்ட்மெண்ட்டுக்கு மட்டும் எழுதியதா?

ஆட்டோ ஸ்டாண்டு, ரேஷன் கடை, அம்மா உணவகம், மாநகராட்சிக் குப்பை வண்டி ஷெட், தி.நகரிலும் அண்ணாநகரிலும் 2025இல் டெலிவரித் தொழிலாளர்களுக்காகத் திறந்த ஓய்விடம் மாதிரியான இடங்கள், இங்கெல்லாம் தெருவைப் பார்த்த சுவரில் பிளக் வேண்டும். கேட்டுக்கு உள்ளே இருக்கிற எதையும் ‘பொது’ என்று கணக்கில் எழுதக் கூடாது.

யூனிட்டுக்கு 1 ரூபாய்க்கு அரசு நிலம் தருவதானால் அந்தப் பகுதியின் பெண்கள் குழுக்களுக்கும் தொழிலாளர் சங்கங்களுக்கும் முதலில் தரட்டும். கம்பெனிக்குத் தந்தால் பாதிப் பிளக் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பகுதியின் பச்சைப் புள்ளிகளை நேரில் போய்ப் பாருங்கள். எது கேட்டுக்குள், எது காருக்கு மட்டும், எது செத்தது, எந்தக் காலனியிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். நாங்கள் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தைத்தான் பார்க்க முடிந்தது. ஐம்பது பேர் போனால் நகரத்தின் உண்மையான வரைபடம் கையில் வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் எழுதிப்போடுங்கள். புதுப் பெட்டிகள் எந்த முகவரியில் வரப்போகின்றன என்று கேளுங்கள்.

அப்புறம் மார்ச் 20 வருகிறது. வருஷா வருஷம் மகாட்டைப் பற்றிக் கூட்டம் போடுகிறோம், மாலை போடுகிறோம், டீ குடித்துவிட்டுக் கலைகிறோம். இந்த வருஷம் டெலிவரிப் பையன்கள், ஆட்டோக்காரர்கள், குப்பை வண்டி ஓட்டுகிற பெண்கள் எல்லாரும் ‘பொது’ என்று பலகை வைத்த ஒரு நிலையத்துக்குப் போய் வரிசையில் நிற்போம். காசு கட்டித்தான் போடுவோம், ஓசி வேண்டாம். யார் தடுக்கிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொள்வோம்.

தம்பியிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழமையா வையிண்ணா. மத்த நாள்னா அன்னைக்கு வரும்படி போயிடும்" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம், இருபதாந் தேதியே இருக்கட்டும். இன்னா கெழமையா இருந்தா இன்னா, வரேன்" என்றான்.